மாமனார் சொல்வது பாதி சரி

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கை எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த மாதம் அதிகம். அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விண்ணப்பம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமனார் திருவாரூர்ப் பக்கம் கிராமத்தில் வளர்ந்தவர். இங்கே வந்து தங்கும்போதெல்லாம், “பிள்ளைய ஏசிக்குள்ளயே வெச்சு வளக்கிறீங்க, ஊர்ல இருந்திருந்தா இந்நேரம் மாடு கன்னப் பாத்துக்குவான், பொறுப்பு தானா வந்திருக்கும்” என்கிறார். மகன் தொடக்கநிலை ஐந்து. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டான், அது உண்மைதான். ஆனால் கிராமத்தில் வளர்ந்தால்தான் நல்ல குணம் வருமா? ஒன்பதாவது மாடியில் இருக்கிற நாங்கள் என்ன செய்வது?
- வாசகி, ஈசூன்

பதில்: மாமனார் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி ஊர் ஏக்கம். வயதானால் எல்லோருக்கும் வருவதுதான், எனக்கும் வருகிறது. அதற்காக அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அந்தச் சரியான பாதியை விட்டுவிடவும் வேண்டாம்.

நான் வளர்ந்தது ஜோகூரில், குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால் வெட்டுவார். விடியுமுன்பே பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து அவர் நிரைக்கு, அதாவது தன் பங்கு மரவரிசைக்குக் கிளம்பிவிடுவார், பள்ளி விடுமுறை என்றால் நாங்களும் கூடவே போவோம். பிள்ளைகளுக்கு அங்கே ஒட்டுப்பால் உருவுகிற வேலை. முந்தின நாள் வெட்டிய கோட்டில் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் ஒரு முனையை நகத்தால் கிளப்பி, நடுவில் அறுந்துவிடாமல் கோடு போகிற வழியிலேயே இழுத்து எடுத்து, இடுப்பில் கட்டியிருக்கும் பையில் போட வேண்டும். மங்கில் (பால் வடிகிற கிண்ணம்) உறைந்து கிடக்கும் கட்டிப்பாலையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மங்கைத் துடைத்துக் கம்பியில் நேராக உட்கார வைக்க வேண்டும். அதற்குள் அம்மா கத்தியோடு அந்த மரத்துக்கு வந்துவிடுவார். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் யாருக்கும் நின்று பேச நேரம் கிடையாது. மங்கு சாய்ந்திருந்தால் அந்த மரத்துப் பால் மண்ணுக்குத்தான். அதற்காக யாரும் திட்டவெல்லாம் மாட்டார்கள், ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தானாகத் தெரிந்துவிடும், அம்மாவின் கூலியே அந்த நிறுவையில்தான் இருந்தது. அப்புறம் அந்த நாற்றம்! சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, மத்தியானம் சோற்றைப் பிசையும்போதும் கையில் அதுதான் அடிக்கும்.

அந்த வேலையிலிருந்து எனக்கு ஏதாவது ஒட்டியிருந்தால் (ஒட்டுப்பாலைத் தவிர), அது தோட்டத்துக் காற்றாலோ மண்ணாலோ வந்ததாக நான் நினைக்கவில்லை. என் கைவேலை முடிவதற்காக ஒருவர் காத்திருந்தார், நான் ஒழுங்காகச் செய்தால் அவர் பாடு குறையும், செய்யாவிட்டால் வீட்டுக்கு வருகிற காசு குறையும், அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். உங்கள் மாமனாரின் மாடும் அப்படித்தான். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. தண்ணீர் காட்டாவிட்டால் கத்தும், நேரத்துக்குக் கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும், பையன் நல்ல மார்க் வாங்கினானா என்றெல்லாம் அதற்குக் கவலையில்லை.

இப்போது உங்கள் மகனைப் பாருங்கள். அவனுக்கு இருக்கிற ஒரே வேலை படிப்பு. அதுவும் அவனுக்காக அவன் செய்கிற வேலை. கணக்கில் முதல் தரமான ஏஎல்1 வாங்கினாலும் ஐந்தாம் தரமான ஏஎல்5 வாங்கினாலும் ராத்திரிச் சாப்பாடு மேசைக்கு வந்துவிடுகிறது. அவன் இல்லாவிட்டால் நின்றுபோகும் காரியம் என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை, பிறகு பொறுப்பு எங்கிருந்து வரும்? சொல்லச் சொல்லக் கேட்கவில்லை என்று அவனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

அதனால் ஒரே ஒரு வேலையை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். என் யோசனை, ராத்திரிச் சோறு. அரிசி அளந்து, களைந்து, தண்ணீர் வைத்து, குக்கர் சுவிட்சைத் தட்டுவது, திங்கள் முதல் வெள்ளி வரை. எந்த அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை மாமனாரே சொல்லிக்கொடுக்கட்டும், திருவாரூர்க்காரருக்கு அரிசியைப் பற்றித் தெரியாதா என்ன! முதல் வாரம் ஆர்வமாகச் செய்வான். இரண்டாவது வாரம் ஒரு நாள் மறந்துவிட்டு கேம்ஸ் ஆடிக்கொண்டிருப்பான். உங்களுக்குத்தான் அன்றைக்குப் பரீட்சை. நீங்கள் ஓடிப்போய் அரிசியைப் போட்டாலும், கீழே காப்பிக்கடையிலிருந்து சோறு வாங்கி வந்தாலும் காரியம் கெட்டது. குழம்பை வைத்துக்கொண்டு எல்லோரும் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுங்கள், மாமனாரும் சேர்த்துத்தான். உபதேசம் ஒன்றும் வேண்டாம். காசு கொடுக்க வேண்டாம், சுவரில் ஸ்டார் ஒட்டவும் வேண்டாம். ஒட்டுப்பால் உருவியதற்கு யாரும் எனக்கு ஸ்டார் ஒட்டவில்லை.

இன்னொன்று. உங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கிறாரா? கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

கேள்வி: சின்ன வயதில் வீட்டு வேலை செய்த பிள்ளைகள்தான் வாழ்க்கையில் ஜெயிக்கிறார்கள் என்று ஹார்வர்ட் கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. நம்பலாமா?
- வாசகர், சுவா சூ காங்

பதில்: வேர் உண்மை, கிளைகள் வாட்ஸ்அப்பில் முளைத்தவை. ஜார்ஜ் வேலன்ட் என்ற ஹார்வர்ட் மனநல மருத்துவர் 1981-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த 456 பையன்களை 14 வயதிலிருந்து 47 வயதுவரை தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. வீட்டு வேலை, பகுதிநேர வேலை, படிப்பில் எடுத்துக்கொண்ட முயற்சி என்று சிறுவயதில் அவர்கள் எவ்வளவு வேலைக்கு வணங்கினார்கள் என்பதற்கு ஒரு மதிப்பெண் போட்டார்கள். அதில் மேலே இருந்தவர்கள் நடுவயதில் மனநலத்திலும் மற்றவர்களோடு பழகுவதிலும் நன்றாக இருந்தார்கள். அறிவுக்கூர்மையையும் குடும்ப வசதியையும்விட இந்த மதிப்பெண்தான் பிற்கால நிலையைச் சரியாகக் காட்டியது.

ஆனால் இது ஆண்களை மட்டும் பார்த்த ஆய்வு. வேலை செய்ததால் நன்றாக வந்தார்களா, நன்றாக வரக்கூடிய பையன்கள்தான் வேலையும் செய்தார்களா என்பதை இந்த மாதிரி ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பாத்திரம் கழுவினால் கோடீஸ்வரன் ஆகலாம் என்று அதில் எங்கும் இல்லை. முக்கியமாக, அவர்கள் நகரத்துச் சந்துகளில் வளர்ந்தவர்கள், மாடு மேய்த்தவர்கள் இல்லை. ஈசூன் வாசகி இதை மாமனாருக்குப் படித்துக் காட்டலாம்.

கேள்வி: ஆளாளுக்குக் கிராமத்து இளமையைக் கொண்டாடுகிறீர்கள். என் அப்பாவை எட்டு வயதில் பண்ணையார் வீட்டில் மாடு மேய்க்க விட்டார்கள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சாகும்வரை கைநாட்டுதான். அவருக்கு அந்த வேலை என்ன குணத்தைக் கொடுத்தது?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: உங்கள் அப்பாவுக்கு அது என்ன கொடுத்தது என்று நான் இங்கே உட்கார்ந்து சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். என்ன எடுத்துக்கொண்டது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஒரே ஊர், ஒரே வயது, இரண்டு பையன்கள் மாடு மேய்க்கிறார்கள். ஒருவன் சாயங்காலம் ஓட்டிக்கொண்டு வருவது சொந்த வீட்டு மாட்டை, அந்தப் பால் அவன் தங்கைக்குப் போகிறது, காலையில் அவன் பள்ளிக்கும் போகிறான். இன்னொருவன் அப்பா வாங்கிய கடனுக்காக அடுத்தவர் மாட்டை மேய்க்கிறான், மாடு ஒன்று காணாமல் போனால் அடி. பிற்காலத்தில் முதல் பையன் எழுதுகிற ‘அந்த நாள் ஞாபகம்’தான் பத்திரிகைகளில் வருகிறது. இரண்டாவது பையனுக்கு எழுதத் தெரியாது. கிராமம் குணத்தை வளர்த்தது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பையன்கள் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

தமிழ்நாடு இதை ஒருமுறை சண்டை போட்டே பார்த்திருக்கிறது. கைத்தொழில் வழியாகவே கல்வி என்று 1937-இல் வார்தாவில் காந்தி பேசினார், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் ராட்டை சுற்ற வேண்டும் என்பது அதில் இருந்தது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முடிவெட்டுகிறவர் பிள்ளை முடிதான் வெட்ட வேண்டுமா, மலம் அள்ளுகிறவர் பிள்ளை எதைக் கற்றுக்கொள்வது என்று எதிர்ப்பு கிளம்பியது. பெரியாரும் திமுகவும் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் வைத்துப் போராடினார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் அதைக் கைவிட்டார். கைவேலை நல்லதுதான், ஆனால் அது யாருடைய கை, யாருக்காகச் செய்கிற வேலை என்று கேட்காமல் அதைப் புகழக்கூடாது.

எங்கள் தோட்டத்திலும் பார்த்திருக்கிறேன். மூத்தது பெண்ணாக இருந்தால் ஆறாம் வகுப்போடு சரி, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். என் அக்காவும் அப்படி நின்றவர்தான். ஒட்டுப்பால் உருவியதை நான் இங்கே பெருமையாக எழுதுகிறேன், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதிய காலத்தை அக்கா பெருமையாகச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. பொறுப்பு அவருக்கு அளவுக்கு மேலேயே இருந்தது.

எனவே பிள்ளைக்கு வேலை கொடுங்கள் என்று நான் சொல்லும்போது, படிப்பைத் தின்னாத வேலை, சொந்த வீட்டுக்காகச் செய்கிற வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான வேலை என்று சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் பணிப்பெண் இருக்கிறார். மகளிடம் எது சொன்னாலும் “ஆன்ட்டி செய்வாங்க” என்கிறாள். என்ன பண்ணுவது?
- வாசகி, பொங்கோல்

பதில்: 2011-இல் ஒரு படம் இணையத்தில் சுற்றியது ஞாபகமிருக்கிறதா? ராணுவச் சீருடையில் ஒரு தேசிய சேவையாளர் (கட்டாய ராணுவ சேவை செய்கிற இளைஞர்) முன்னால் நடக்க, அவருடைய பெரிய பையைப் பணிப்பெண் முதுகில் சுமந்துகொண்டு பின்னால் போவார். ஊரே அந்தப் பையனைத் திட்டியது. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. தொடக்கநிலை ஒன்றில் அவன் பள்ளிப் பையைப் பணிப்பெண்ணைத் தூக்க வைத்தவர்கள் யாரோ, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மகளின் தட்டு, படுக்கை, பள்ளிச் சப்பாத்து, பை, இந்த நான்கையும் தொடக்கூடாது என்று பணிப்பெண்ணிடம் மகளை வைத்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பாவம், அவர் எடுத்து வைக்கத்தான் பார்ப்பார், சும்மா இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்ற பயம். அதனால் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும். பள்ளிகளில் பிள்ளைகளே தினமும் வகுப்பறையையும் நடைபாதையையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று கல்வி அமைச்சு 2016-இல் சொல்லி, இப்போது அது வழக்கமாகிவிட்டது. ஆக உங்கள் மகளுக்குக் கூட்டத் தெரியும், வீட்டில்தான் மறந்துபோகிறது.

பணிப்பெண்ணின் ஓய்வு நாளை வீணாக்காதீர்கள். அன்றைக்கு வீட்டு வேலை முழுக்கக் குடும்பத்துடையது. ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரத்தைத் தொட்டியில் குவித்து வைத்து, திங்கள் காலையில் அவர் கழுவட்டும் என்று விடுகிற வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொள்வதும் ஒரு பாடம்தான்.

கேள்வி: நீங்கள் கப்பல் பட்டறையில் நிறைய பேருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கிராமத்திலிருந்து வந்த பையனுக்கும் இங்கே வளர்ந்த பையனுக்கும் வித்தியாசம் தெரியுமா?
- வாசகர், செம்பவாங்

பதில்: முதல் வாரம் தெரியும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வெயிலும் அழுக்கும் பழக்கம், குனிந்து நிமிர யோசிக்க மாட்டார்கள். இங்கே வளர்ந்த பையன்கள் வேலையைத் தொடும் முன்பே “ஏன் இப்படிச் செய்யணும்?” என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்கும், ஊரிலிருந்து வந்தவர்கள் தெரியாததையும் கேட்காமல் தலையாட்டிவிடுவதுதான் பட்டறையில் ஆபத்து.

அப்புறம் அரத்தைக் கையில் கொடுப்போம். ஓர் இரும்புக் கட்டையை வைஸில் இறுக்கி, மேல்பக்கம் மட்டமாக வரும்வரை ராவ வேண்டும். பார்க்கச் சுலபமாக இருக்கும். தள்ளும்போது கை கொஞ்சம் ஆடினாலும் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் மேடு தட்டிவிடும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால், ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெளிச்சக் கீற்று. அந்தக் கீற்றிடம் யாரும் வாதாட முடியாது. சிலர் இன்னும் அழுத்தி ராவுவார்கள், மேடு கூடும். சிலர் நின்று, கால் வைத்திருக்கும் இடத்தைப் பார்த்து, பிடியை மாற்றிப் பார்ப்பார்கள். சிலர் அரம் சரியில்லை என்பார்கள். அரம் சரியில்லை என்கிறவன் சிவகங்கையிலிருந்தும் வருவான், பீஷானிலிருந்தும் வருவான்.

பிடியை மாற்றிப் பார்த்த பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு விஷயம் வெளியே வரும். சைக்கிள் செயின் கழன்றால் தானே மாட்டியவன், அப்பாவின் கடையில் பரோட்டா மாவு பிசைந்தவன், பாட்டியோடு உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தவன். ஒரு பொருள் சொன்ன பேச்சைக் கேட்காது, அதன் போக்கைத் தெரிந்துகொண்டுதான் வழிக்குக் கொண்டுவர முடியும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதனால் இரும்பின் மேல் கோபப்படவில்லை.

இதை எழுதும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிற நம் ஊர்த் தம்பிகளைக் காட்டி “படிக்கலேன்னா இப்படித்தான் ஆகணும்” என்று பிள்ளையிடம் சொல்கிற அப்பாக்களை எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் பார்க்கிறேன். அதே அப்பாதான் சனிக்கிழமை காசு கட்டிப் பிள்ளையை மண்பாண்ட வகுப்பில் சேர்க்கிறார், கைவேலை செய்தால் மூளை வளருமாம்.

கேள்வி: ஜூன் விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தஞ்சாவூரில் தாத்தா வீட்டுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறோம். நாலு வாரத்தில் ஏதாவது மாற்றம் வருமா? அனுப்ப முடியாத வருடங்களில் இங்கேயே என்ன செய்யலாம்?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தாராளமாக அனுப்புங்கள், ஆனால் மாற்றம் தாத்தாவின் கையில் இருக்கிறது. ‘சிங்கப்பூர்ப் பிள்ளைகள்’ என்று ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தால் எடைதான் கூடும். ஜூன் நல்ல மாதம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள், தண்ணீர் நன்றாக இருக்கிற வருடமானால் குறுவைக்கு நாற்றங்கால் வேலை நடக்கும். வாய்க்காலில் மடை கட்ட, விதைநெல்லை ஊறவைக்க, நாற்றங்காலில் குருவி விரட்ட, மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப்போட என்று ஏதாவது ஒன்றைத் தாத்தா இவர்கள் பொறுப்பில் விடட்டும். நடவுக்கு இப்போது இயந்திரம் வந்துவிட்ட ஊர்கள் நிறைய, அதனால் பழைய படத்தில் வருகிற மாதிரி எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

இங்கே என்றால், இந்தத் தீவிலும் ஒரு காலத்தில் கம்பமும் (கிராமம்) பண்ணையும் இருந்தன என்பதைப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். இன்றைக்கு அடுக்குமாடிகள் நிற்கும் பொங்கோலில் 1980-களில்கூடப் பன்றிப் பண்ணைகள் இருந்தன. இப்போது மண்ணைத் தொட வேண்டுமானால் உங்கள் புளோக் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் சேருங்கள், தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய திட்டம் அது. சொந்தமாகப் பாத்தி வேண்டுமென்றால், 2016-இலிருந்து பூங்காக்களில் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் பாத்திகளை வாடகைக்கு விடுகிறார்கள், ஆனால் கிராக்கி அதிகம். கீரையில் தொடங்குங்கள், ஒரு மாதத்துக்குள் பறித்துக் கடைந்துவிடலாம், பிள்ளைகளுக்கு அதற்கு மேல் பொறுமை இருக்காது. மழைதான் பெய்கிறதே என்று நம்பித் தண்ணீர் ஊற்றாமல் இரண்டு மூன்று நாள் விட்டால் நாற்று சாய்ந்துவிடும், சாயட்டும், நீங்கள் போய் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற வேண்டாம். வீட்டு வாசலில் தொட்டி வைத்தால் அடித்தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதையும் பிள்ளையிடமே விடுங்கள். கொசுப்புழு இருந்து அபராதம் வந்தால் மட்டும் அதை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: பேரனுக்கு ஏழு வயது. நான் காய் நறுக்கும்போதெல்லாம் கத்தியைக் கேட்கிறான். மருமகள் பதறுகிறாள். எந்த வயதில் கொடுக்கலாம்?
- ஒரு பாட்டி, தோ பாயோ

பதில்: பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் ஏழு வயதிலேயே கொடுக்கலாம். முதலில் சின்னக் கத்தியும் வாழைப்பழமும், பிறகு வெண்டைக்காய். பிடிக்கிற கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ளப் பழக்குங்கள். மழுங்கிய கத்தி வேண்டாம், அதுதான் அழுத்தும்போது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். அரிவாள்மனை பக்கம் இன்னும் சில வருடம் விடவே விடாதீர்கள். வெங்காயத்தைக் கடைசியாகக் கொடுங்கள், முதல் நாளே கொடுத்தால் மறுநாள் உங்கள் பக்கமே வரமாட்டான்.